ஐ.டி. சர்வீஸ் கம்பெனி: உங்கள் கிளிக்கிற்குப் பின்னால் இருப்பது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள், முதல் சில மாதங்களிலேயே இரண்டு மூன்று வேலைகளைச் செய்து பார்த்துவிடுகிறார்கள். ரயில் டிக்கெட் பதிவு செய்கிறார்கள். மின் கட்டணம் செலுத்துகிறார்கள். வீட்டில் யாருக்காவது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறார்கள். படிவத்தை நிரப்பி, கடைசியில் உள்ள ‘சப்மிட்’ பட்டனில் கிளிக் செய்ததும் திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்குகிறது. அந்தச் சில விநாடிகளில் நம் பெயர், பிறந்த தேதி, பணம் எல்லாம் எங்கே போகின்றன? யார் கையில் இருக்கின்றன? பணம் போய், டிக்கெட் வராமல் நின்றுவிட்டால் யாரைக் கேட்பது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டுமானால், ‘ஐ.டி. சர்வீஸ் கம்பெனி’ என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் சாப்ட்வேர் இன்ஜினியராகப் பணிபுரிகிறேன். சொந்த ஊர் திருவண்ணாமலை. ஊருக்கு வரும்போதெல்லாம் தெரிந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, உங்க கம்பெனி என்னதான் பண்ணுது? பேங்க் வேலையா, ஆஸ்பத்திரி வேலையா?” இரண்டும்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரே கம்பெனி எப்படிப் பல துறைகளுக்கு வேலை செய்ய முடியும் என்பது நியாயமான சந்தேகம்தான். அதையும் சேர்த்து இங்கே பார்க்கலாம்.

புராடக்ட் கம்பெனி, சர்வீஸ் கம்பெனி

சாப்ட்வேர் நிறுவனங்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, ஒரு சாப்ட்வேரைத் தானே தயாரித்துத் தன் பெயரிலேயே பலருக்கும் விற்பது. கடைத்தெருவில் பல கடைகளில் கணக்கு எழுதப் பயன்படும் டேலி ஒரு நல்ல உதாரணம். சென்னையில் வளர்ந்து, தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ இன்னொரு உதாரணம். இவை புராடக்ட் கம்பெனிகள். ரெடிமேட் சட்டை விற்கும் கடை மாதிரி. அளவுகள் உண்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வகை, தையல்காரர் மாதிரி. துணி உங்களுடையது, அளவும் உங்களுடையது. தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். பிறகு பட்டன் போனால் போட்டுத் தருவார். உடம்பு பெருத்தால் பிரித்துத் தைத்துக் கொடுப்பார். சட்டை மட்டும் எப்போதும் உங்களுடையதே. வங்கி, ரயில்வே, காப்பீடு, அரசுத் துறை என்று யாருக்கு வேண்டுமானாலும் இப்படிச் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்து, அதைத் தினமும் ஓட வைக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும் நிறுவனமே ஐ.டி. சர்வீஸ் கம்பெனி.

இந்தியாவில் இந்தத் தொழிலின் தொடக்கத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், அதாவது டி.சி.எஸ்., 1968-ல் டாடா சன்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. ஆரம்ப ஆண்டுகளில் அதற்குத் தலைமை ஏற்று வளர்த்தவர் எப்.சி. கோலி. அவர் மின் துறையிலிருந்து வந்த இன்ஜினியர். அந்தக் காலத்தில் டி.சி.எஸ். செய்த வேலைகளைப் பாருங்கள். டாடா ஸ்டீல் ஆலைக்குத் துளை அட்டைகள் மூலம் கணக்கு வேலை. சென்ட்ரல் பேங்க் ஆப் இந்தியாவின் கிளைகளுக்கு இடையே உள்ள கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை. யூனிட் டிரஸ்ட் ஆப் இந்தியாவுக்கான வேலை. இரும்பு, வங்கி, முதலீடு என்று முதல் சில வாடிக்கையாளர்களே மூன்று வேறு வேறு துறைகள்! இன்று அந்த நிறுவனத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிகிறார்கள். நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்த என். சந்திரசேகரன், 1987-ல் இதில் வேலைக்குச் சேர்ந்து, 2009 முதல் 2017 வரை அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தார் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கூடுதல் செய்தி.

பல துறைகளுக்கு ஒரே கம்பெனி எப்படி?

இதை நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைத் திறந்து கொள்ளுங்கள். பௌர்ணமிக்கு வரும் பக்தர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு சிறிய லாட்ஜ் உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று ஷீட்டுகள் போதும்.

முதல் ஷீட்டுக்கு ‘தங்குபவர்’ என்று பெயர் கொடுங்கள். அதில் வரிசை எண், பெயர், ஊர், போன் எண் என்று நான்கு நெடுவரிசைகள்.

இரண்டாவது ஷீட்டின் பெயர் ‘அறை’. அதில் அறை எண், எத்தனை பேர் தங்கலாம், ஒரு நாள் வாடகை.

மூன்றாவது ஷீட்டின் பெயர் ‘பதிவு’. அதில் பதிவு எண், தங்குபவரின் வரிசை எண், அறை எண், தேதி, கட்டிய தொகை.

மூன்றாவது ஷீட்டில் தங்குபவரின் பெயரையும் ஊரையும் மறுபடி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். வரிசை எண்ணை மட்டும் குறித்தால் போதும். அவரே அடுத்த பௌர்ணமிக்கும் வந்தால் பதிவில் இன்னொரு வரி மட்டும் சேரும். போன் எண் மாறினால் ஒரே ஓர் இடத்தில் திருத்தினால் போதும். டேட்டாபேஸ் என்று பெரிதாகச் சொல்லப்படுவதன் அடிப்படை இவ்வளவுதான்.

இப்போது ‘அறை’ என்று எழுதிய இடத்தில் ‘இருக்கை’ என்று மாற்றுங்கள். ரயில் டிக்கெட் பதிவு கிடைத்துவிட்டது. ‘படுக்கை’ என்று மாற்றினால் மருத்துவமனை. ‘நேரம்’ என்று மாற்றினால் பாஸ்போர்ட் அலுவலகத்தின் அப்பாயின்ட்மென்ட். யார், எது, எப்போது, எவ்வளவு என்ற நான்கு கேள்விகளும் எல்லாத் தொழிலுக்கும் பொது. இதனால்தான் வங்கிக்கு எழுதிப் பழகிய ஓர் இன்ஜினியர் அடுத்த ஆண்டு மருத்துவமனைக்கும் எழுத முடிகிறது. என் பணியிலேயே ஒரு காப்பீட்டு நிறுவனத்திற்கும் பிறகு ஒரு மருந்து விற்பனை நிறுவனத்திற்கும் வேலை செய்திருக்கிறேன். எழுதும் மொழியும் டேட்டாபேஸும் பெரிதாக மாறவில்லை.

அப்படியானால் எல்லாத் துறையும் ஒன்றுதானா? இல்லை. விதிகள் மாறும். லாட்ஜில் பதிவு செய்தவர் வராவிட்டால் அறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். ரயிலில் காத்திருப்போர் பட்டியல், ஆர்.ஏ.சி. என்று தனி முறை உண்டு. மருத்துவமனையில் படுக்கை நிரம்பிவிட்டது என்று சொல்லி விபத்தில் அடிபட்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்த முடியாது. இந்த விதிகள் இன்ஜினியருக்குத் தெரியாது. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வாங்குவதே இந்த வேலையில் பாதி. துறை அறிவை எங்கள் பேச்சில் ‘டொமைன்’ என்போம். ஒரு தளம் மோசமாக வேலை செய்தால், பல நேரங்களில் புரோகிராம் எழுதத் தெரியாதது காரணமாக இருக்காது. விதியைச் சரியாகக் கேட்டு வாங்காததே காரணமாக இருக்கும்.

ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் பயணம்

இனி உண்மையான ஓர் உதாரணம். பாஸ்போர்ட் வழங்குவதை நவீனமாக்க வெளியுறவு அமைச்சகம் 2008 அக்டோபரில் டி.சி.எஸ். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. 2010-ல் பெங்களூருவிலும் சண்டிகரிலும் சோதனை முறையில் தொடங்கி, 2012-க்குள் நாடு முழுவதும் 77 பாஸ்போர்ட் சேவா மையங்கள் திறக்கப்பட்டன. சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் மையங்கள் அமைந்தன. 2017 முதல் தபால் நிலையங்களிலும் இதே சேவைக்கான மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. 2022-ல் இரண்டாம் கட்டப் பணியும் டி.சி.எஸ். நிறுவனத்துக்கே கிடைத்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்கள் விண்ணப்பத்தை நிரப்பிச் சமர்ப்பித்ததும் என்ன நடக்கிறது?

உங்கள் பிரவுசர் அந்த விவரங்களைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி இன்டர்நெட் வழியாக அனுப்புகிறது. மறுமுனையில் உள்ள சர்வர் அதை வாங்கி, எல்லாக் கட்டங்களும் சரியாக நிரப்பப்பட்டுள்ளனவா என்று பார்த்து, டேட்டாபேஸில் எழுதி, உங்களுக்கு ஒரு விண்ணப்ப எண்ணைத் தருகிறது. இதுவரை நடந்தது சர்வீஸ் கம்பெனி எழுதிய புரோகிராமின் வேலை.

கட்டணம் செலுத்தும்போது ‘பேமெண்ட் கேட்வே’ என்னும் வேறு ஒரு தளத்திற்குப் போகிறீர்கள். அது பணம் வாங்கித் தரும் இடைவழி. அங்கிருந்து உங்கள் வங்கிக்குச் செய்தி போகிறது. வங்கியின் பதில் வந்ததும் பாஸ்போர்ட் தளத்திற்குத் திரும்பி வருவீர்கள்.

குறித்த நாளில் மையத்திற்குப் போனால் ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர்கள். ஏ கவுண்டரில் இருப்பவர்கள் டி.சி.எஸ். ஊழியர்கள். சான்றிதழ்களை ஸ்கேன் செய்வது, புகைப்படம் எடுப்பது, கைரேகை பதிவது ஆகியவை அவர்கள் வேலை. பி, சி கவுண்டர்களில் இருப்பவர்கள் அரசு அதிகாரிகள். சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும் பாஸ்போர்ட் வழங்கலாமா என்று முடிவு செய்வதும் அவர்களே. பிறகு விசாரணைக்கான விவரம் உங்கள் மாவட்டக் காவல் துறைக்குப் போகிறது. கடைசியில் அச்சிட்ட பாஸ்போர்ட், ஸ்பீட் போஸ்ட்டில் தபால்காரர் கைக்கு வருகிறது.

ஆக, ஒரு கிளிக்கில் தொடங்கிய வேலையில் வெளியுறவு அமைச்சகம், டி.சி.எஸ்., பேமெண்ட் கேட்வே, வங்கி, காவல் துறை, தபால் துறை என்று ஆறு கைகள். எங்காவது நின்றால், எந்தக் கையில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதே உங்களுக்கு உதவும் முதல் அறிவு.

இன்னொன்றையும் இதில் கவனிக்க வேண்டும். தட்டச்சு செய்வதும் ஸ்கேன் செய்வதும் கம்பெனியிடம், முடிவெடுப்பது அரசிடம். கம்ப்யூட்டரைப் பராமரிப்பது கம்பெனி. அதில் உள்ள விவரத்தின் உரிமை அமைச்சகத்துடையது. தையல்காரர் உதாரணத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

கிரிவலமும் சர்வரும்

“சாதாரண நாளில் நன்றாக ஓடும் தளம், அவசரத்திற்கு மட்டும் ஏன் படுத்துவிடுகிறது?” இது எல்லோரும் கேட்கும் கேள்வி. திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி அன்று லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். கூட்டம் நெருக்கினாலும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. காரணம், ஒவ்வொருவரும் தன் வழியில் நடக்கிறார். ஒருவர் நடப்பதற்காக மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கூட்டம் கோயிலுக்குள் கருவறை முன் வரும்போது ஒற்றை வரிசையாகிவிடுகிறது. அங்கே ஒருவர் நகர்ந்தால்தான் அடுத்தவர். வெளியே எத்தனை சாலை போட்டாலும் இந்த வரிசையின் வேகம் கூடாது.

இணையதளமும் இப்படித்தான். ரயில் நேர அட்டவணையைப் பார்ப்பது கிரிவலப் பாதையில் நடப்பது போன்றது. ஒரே பக்கத்தைப் பல சர்வர்களில் பிரதி எடுத்து வைத்து, வருபவர்களைப் பிரித்து அனுப்பிவிடலாம். இப்படிப் பிரித்து அனுப்பும் அமைப்புக்கு ‘லோடு பேலன்சர்’ என்று பெயர். ஆனால் டிக்கெட் பதிவு செய்வது கருவறை வரிசை. காலியாக உள்ள ஒரு படுக்கையை ஆயிரம் பேர் ஒரே நொடியில் கேட்கிறார்கள். அதை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். ஒருவர் பெயரில் எழுதி முடிக்கும்வரை அந்தப் படுக்கைக்கான பதிவைப் பூட்டி வைத்தே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு வட்டம் சுற்றும். காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் தட்கல் பதிவு தொடங்கும் நிமிடங்களில் நடப்பது இதுதான்.

எனவே, அப்படிப்பட்ட நேரத்தில் ‘ரெப்ரெஷ்’ பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பது, வரிசையிலிருந்து விலகி மறுபடி கடைசியில் போய் நிற்பதற்குச் சமம். மற்றவர்களுக்கும் தாமதம், உங்களுக்கும் நஷ்டம்.

தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு?

வருமான வரித் துறையின் புதிய இ-பைலிங் தளத்தை இன்போசிஸ் நிறுவனம் உருவாக்கியது. 2021 ஜூன் 7-ந் தேதி அது தொடங்கப்பட்டது. தொடக்கத்திலிருந்தே பலரால் உள்ளே நுழைய முடியவில்லை, கணக்குத் தாக்கல் செய்ய முடியவில்லை என்று புகார்கள் குவிந்தன. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளமே கிடைக்கவில்லை. 23-ந் தேதி நிதி அமைச்சகம் இன்போசிஸ் தலைமைச் செயல் அதிகாரியை நேரில் அழைத்து விளக்கம் கேட்டது. தனிநபர்கள் கணக்குத் தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதி செப்டம்பர் 30-லிருந்து டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. கேள்வி கேட்கப்பட்டது கம்பெனி, கேட்டது அமைச்சகம். ஆனால் பொதுமக்களுக்குத் தேதியை நீட்டித்துத் தர வேண்டியது வருமான வரித் துறைதான். வரி கட்டுபவருக்கும் இன்போசிஸுக்கும் நேரடியாக எந்த ஒப்பந்தமும் கிடையாது. உங்கள் உறவு தளத்தின் உரிமையாளரோடு. உரிமையாளரின் உறவு சர்வீஸ் கம்பெனியோடு. புகார் கொடுக்கும்போதும் இந்த வரிசையிலேயே போக வேண்டும். பாஸ்போர்ட் தாமதமானால் பாஸ்போர்ட் அலுவலகம். டிக்கெட் வராவிட்டால் ஐ.ஆர்.சி.டி.சி.; வங்கிக் கணக்கில் தவறு என்றால் வங்கி.

சர்வீஸ் கம்பெனி மாறலாம், உரிமையாளர் மாறுவதில்லை. தபால் துறையைப் பாருங்கள். 2013-ல் அதன் கம்ப்யூட்டர்மயமாக்கலில் பெரும் பகுதி டி.சி.எஸ். நிறுவனத்திடம் தரப்பட்டது. 2025-ல் தபால் துறை தன் சொந்தத் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய புதிய அமைப்புக்கு நாடு முழுவதும் மாறிவிட்டது. ஸ்பீட் போஸ்ட் அனுப்புபவர் அன்றும் தபால் நிலையத்துக்கே போனார், இன்றும் அங்கேயே போகிறார்.

உங்களை அழைக்கும் ‘கம்பெனி ஆள்’ யார்?

மேலே சொன்னதைப் புரிந்துகொண்டால் பெரிய ஆபத்து ஒன்றிலிருந்து தப்பிக்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைத் தேடி இப்படி ஓர் அழைப்பு வரும்: “உங்க பேங்க்குக்குச் சாப்ட்வேர் பார்க்கிற கம்பெனியிலேர்ந்து பேசறோம் சார். உங்க அக்கவுன்ட்ல ஒரு எரர் இருக்கு. நாங்க சொல்ற புரோகிராமை இன்ஸ்டால் பண்ணுங்க, சரி பண்ணித் தர்றோம்.” அதன்பின் உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். நீங்கள் ஓ.டி.பி.யை டைப் செய்யும்போது அவர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஓய்வூதியப் பணம் முழுவதும் போன பிறகுதான் விஷயம் தெரியும்.

ஓர் இன்ஜினியராகச் சொல்கிறேன். எங்கள் வேலையில் வாடிக்கையாளரின் வாடிக்கையாளரைப் போனில் அழைத்து அவர் கம்ப்யூட்டரைச் சரி செய்ய வேண்டிய தேவையே வராது. பழுது இருந்தால் அது சர்வரில் இருக்கும். சர்வரில்தான் சரி செய்வோம். உங்கள் பாஸ்வேர்டும் எங்களுக்குத் தேவையில்லை. ஒழுங்காக அமைக்கப்பட்ட தளத்தில் அது எங்களுக்குத் தெரியவும் தெரியாது. காரணம், பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைப்பதில்லை. ‘ஹாஷ்’ என்ற முறையில் அரைத்துத்தான் வைப்பார்கள். மில்லில் அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது அல்லவா? அதைப் போல. நீங்கள் அடுத்த முறை பாஸ்வேர்டு கொடுக்கும்போது அதையும் அதேபோல் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று மட்டும் கம்ப்யூட்டர் பார்க்கிறது. எனவே, யாராவது பாஸ்வேர்டு, ஓ.டி.பி., பின் எண் கேட்டால், அவர் எந்தப் பெரிய கம்பெனி பெயரைச் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். பெயரைச் சொல்வது யாருக்கும் சுலபம்.

முகவரியை வலமிருந்து படியுங்கள்

உரிமையாளர் யார் என்று எப்படி அறிவது? தளத்தில் உள்ள சின்னம், தேசியக் கொடி, தலைவர்கள் படம் எதையும் நம்ப வேண்டாம். அவற்றை யார் வேண்டுமானாலும் காப்பி செய்து ஒட்டலாம். பிரவுசரின் மேலே உள்ள முகவரியைப் பாருங்கள். அதில் முதல் சாய்வுக்கோடு வரை உள்ள பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

இந்திய அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ என்று முடியும். இந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. பாஸ்போர்ட்டுக்கான சரியான தளம் ‘பாஸ்போர்ட் இந்தியா டாட் கவ் டாட் இன்’. இதே போன்ற பெயரோடு ‘டாட் ஓஆர்ஜி’, ‘டாட் காம்’ என்று முடியும் தளங்கள் போலியானவை என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்துள்ளது. தமிழ்நாடு அரசின் இந்து சமய அறநிலையத் துறைத் தளமும் ‘டிஎன் டாட் கவ் டாட் இன்’ என்றே முடியும். கோயில் சேவைகளைப் பதிவு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வங்கிகளுக்கென்று ‘பேங்க் டாட் இன்’ என்னும் தனி முடிவு வந்துள்ளது. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் இதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது.

விதிவிலக்கும் உண்டு. ரயில் டிக்கெட் தளமான ஐ.ஆர்.சி.டி.சி.யின் முகவரி ‘கோ டாட் இன்’ என்று முடிகிறது. இந்த முடிவை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆகவே முன்னால் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு முறை சரியாகத் திறந்த பின், கண்ட்ரோல் கீயுடன் டி கீயைச் சேர்த்து அழுத்தி புக்மார்க் செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை கூகுளில் தேட வேண்டாம். தேடல் முடிவில் முதலில் வருவது பணம் கொடுத்து வைத்த விளம்பரமாகவும் இருக்கலாம்.

பூட்டுச் சின்னம் இருந்தால் தளம் உண்மையானது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. உங்கள் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் இடையே விவரங்கள் மறைத்து அனுப்பப்படுகின்றன என்பதற்கு மட்டுமே அது அடையாளம். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று அது சொல்லவில்லை. திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டு இருக்கும்.

பணம் போய், வேலை நடக்கவில்லை என்றால்

பதற வேண்டாம். கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

1. உடனே இரண்டாவது முறை பணம் கட்டாதீர்கள். அந்தத் தளத்தில் மறுபடி லாக்-இன் செய்து, உங்கள் பதிவுகளின் பட்டியலைப் பாருங்கள். திரையில் தகவல் வராமல் போயிருந்தாலும் உள்ளே பதிவாகி இருக்கலாம்.

2. பட்டியலில் இல்லை என்றால், வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள பரிமாற்ற எண், தேதி, நேரம், தொகை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திரையையும் படம் எடுத்து வையுங்கள்.

3. வங்கிக்கும் தளத்திற்கும் இடையே செய்தி அறுந்துபோனால் பணம் தானாகவே திரும்ப வேண்டும். இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் காலக்கெடு விதித்தது. இணையத்தில் பொருளோ சேவையோ வாங்கக் கார்டு மூலமோ யு.பி.ஐ. மூலமோ செலுத்திய பணம், பரிமாற்றம் நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் திரும்பி வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும்.

4. வராவிட்டால் உங்கள் வங்கிக்கும் தள உரிமையாளருக்கும் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். எழுதி வைத்த பரிமாற்ற எண் இங்கேதான் உதவும்.

5. ஏமாற்றப்பட்டுவிட்டதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுத்து நிறுத்த, சீக்கிரம் சொல்வது மிக முக்கியம்.

பிள்ளைகளை இந்தத் துறைக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு

நம் மாவட்டத்தில் போளூர், செங்கம், ஆரணி என்று எந்தப் பக்கம் போனாலும், இன்ஜினியரிங் படித்துவிட்டு ஐ.டி. வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. முதலாவது, டி.சி.எஸ்., இன்போசிஸ் போன்ற நிறுவனங்கள் வேலைக்கு எடுக்க எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று அவையே அறிவித்துள்ளன. ‘டெபாசிட்’, ‘டிரெய்னிங் பீஸ்’ கட்டினால் ஆபர் லெட்டர் வரும் என்று யாராவது சொன்னால், நிலத்தை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, புரோகிராம் மொழி மட்டும் கற்றால் போதாது. ரேஷன் கடையில் பொருள் எப்படி வழங்குகிறார்கள், நெல் மண்டியில் எப்படி எடை போட்டுக் கணக்கு எழுதுகிறார்கள், ஆஸ்பத்திரியில் டோக்கன் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும். பல துறைகளுக்கு வேலை செய்யும் கம்பெனிக்கு வேண்டியது இந்தக் கண்தான். மேலே சொன்ன மூன்று ஷீட் பயிற்சியை உங்கள் தெருவில் உள்ள ஒரு கடைக்குச் செய்து பாருங்கள். கடைக்காரர் சொல்லும் விதிவிலக்குகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பழைய பாக்கி, பாதிப் பணம், திருப்பிக் கொடுத்த சரக்கு என்று வந்துகொண்டே இருக்கும். பத்து விதிவிலக்குகளைச் சமாளிக்கும்படி அந்த ஷீட்டுகளை மாற்றி அமைத்துவிட்டால், இந்தத் தொழிலில் முதல் பாடம் முடிந்தது என்று சொல்லலாம்.